தின் ஃபிலிம் மாப்பிள்ளை

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ஹோம் ஒர்க். பயப்படாதீர்கள், ஐந்து நிமிஷ வேலைதான்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தமோ, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழனி முருகனோ, ஏதாவது ஒரு காந்தம் எடுத்துக் கொள்ளுங்கள். அப்புறம் சாமி உண்டியலை (மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து) கவிழ்த்து, மூன்று ஒரு ரூபாய் நாணயங்களைத் தேடி எடுங்கள். முதலாவது 1975-க்கு முந்தையது. பெரிசாகக் கனமாக இருக்கும். உண்டியலில் இல்லாவிட்டால் அப்பாருவின் டிரங்குப் பெட்டியில் நிச்சயம் இருக்கும். இரண்டாவது, 1975-க்கும் 1991-க்கும் நடுவில் அடித்தது. மூன்றாவது, 1992-க்குப் பிறகு வந்த சின்னக் காசு.

காந்தத்தைக் கொண்டு போங்கள்.

முதல் காசு ஒட்டும். அது நிக்கல். இரண்டாவது ஒட்டாது. அது செம்பு 75, நிக்கல் 25. மூன்றாவது மறுபடி ஒட்டும். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்போடு சுமார் 17 சதவிகிதம் குரோமியம்.

மூன்றும் ஒரே ரூபாய். மூன்றிலும் ஒரே அசோகச் சிங்கம். ஆனால் காந்தத்தைப் பொறுத்தவரை நடுவிலே ஒருத்தர் மட்டும் சம்பந்தம் வேண்டாம் என்கிறார். இத்தனைக்கும் அவருக்குள்ளே கால் பங்கு நிக்கல் இருக்கிறது, கவனியுங்கள்.

நிக்கல் என்பது பிறவியிலேயே காந்தத்தில் ஒட்டுகிற உலோகம். அதில் செம்பைக் கலக்கக் கலக்க ஒட்டும் புத்தி குறைந்துகொண்டே போகும். சுத்தமான நிக்கலை 358 டிகிரி வரை சூடாக்கினால்தான் காந்த குணத்தை விடும். மூன்றில் ஒரு பங்கு செம்பு சேர்த்துவிட்டால், அந்த 358 சரசரவென்று இறங்கி ஏறத்தாழ நம் அறை வெப்பத்துக்கே வந்துவிடுகிறது. அதாவது அப்படி ஒரு காசு அடித்திருந்தால் மார்கழியில் ஒட்டும், சித்திரையில் ஒட்டாது. முக்கால் பங்கு செம்பு என்றால் எந்த மாசத்திலும் ஒட்டாது.

இதைவிட விசேஷம் எவர்சில்வர். ஒப்பணக்கார வீதிப் பாத்திரக் கடையில் காந்தத்தோடு வந்து டம்ளரைச் சோதிக்கிற மாமிகளைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு ஒட்டும். அதில் பதினெட்டு சதவிகிதம் குரோமியம் போட்டாலும் ஒட்டும். மேற்கொண்டு எட்டு சதவிகிதம் நிக்கல் சேர்த்தால் ஒட்டாது! இரும்பும் ஒட்டுகிற கட்சி, நிக்கலும் ஒட்டுகிற கட்சி. இரண்டு பேரும் குரோமியத்தோடு கூட்டணி வைத்தவுடன் கொள்கையே மாறிவிடுகிறது. இந்த நாட்டில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் ஆச்சரியப்படக்கூடாது.

(மாமிகளுக்கு ஒரு வார்த்தை: ஒட்டவில்லை என்பதால் உசத்தி என்று அர்த்தமில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் போட்ட மலிவு ரகமும் ஒட்டாது. கடைக்காரருக்கு இது தெரியும். அதனால்தான் நீங்கள் காந்தத்தை எடுத்ததும் அவர் புன்னகைக்கிறார்.)

*

பி.காம். படித்தவனுக்கு ஏன் இந்தத் திடீர் காந்த ஞானம் என்று கேட்பீர்கள். காரணம் என் மச்சினன்.

வயசு 31. கோவையில் ஒரு கல்லூரியில் பிஹெச்.டி. ஐந்தாவது வருஷம். நிக்கல்-இரும்பு ஒரு அடுக்கு, செம்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் படலமாகப் பூசுவது. கலவையின் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, காந்த குணம் எப்படி மாறுகிறது என்று அளப்பது. இதுதான் ஆராய்ச்சி. உதவித்தொகை மாசம் 42,000 ரூபாய், மாசா மாசம் வந்தால். அது வருகிற வரைக்கும் என் மாமனார் வீட்டில் நடக்கிற நிதி நிர்வாகத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

எங்கள் பக்கம் பையன் என்றால் ஒன்று மில், இல்லை பம்ப் செட், இல்லை பனியன், இல்லை பெங்களூரு. 'ஆராய்ச்சி பண்றாப்ல' என்றால் பெண் வீட்டார் நம் தலையைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பார்கள்.

போன மாசம் சூலூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணும் பி.காம்.தான். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். சந்தகை, பச்சைப்பயறு, தேங்காய்ப்பால் எல்லாம் ஆனபிறகு அத்தை முறையில் ஒருவர் ஆரம்பித்தார்.

"தம்பி என்னுங் பண்றாப்ல?"

"மேக்னெடிக் தின் ஃபிலிம்ல பிஹெச்.டி.ங்க" என்றான் மச்சினன்.

"ஃபிலிமுங்களா? எந்தப் படமுங்?"

மூலையில் ஈசி சேரில் இருந்த பெண்ணின் அப்பாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னத்தத் தின்னறாப்ல?" என்று கேட்டார்.

நான் அவசரமாகப் புகுந்து, "அது மெல்லிசா உலோகத்தைப் பூசறதுங் மாமா. முலாம் மாதிரி" என்றேன்.

அதுவரைக்கும் வாசல்பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் பெரியப்பா மெல்லத் திரும்பினார். கணபதியில் முப்பது வருஷமாக நிக்கல் பிளேட்டிங் பட்டறை வைத்திருப்பவர்.

"எவ்வளவு கனம் போடுவீங் தம்பி?"

"பத்து நானோமீட்டர்ங்க."

"நம்ம கணக்குல சொல்லுங். நாங்க ஹேண்டில்பாருக்குப் பத்து மைக்ரான் போடறவங்."

"அதுல ஆயிரத்துல ஒரு பங்குங்க."

"அட, அதுக்கெதுக்குக் கரண்டு? பாத்துல காட்டிட்டு எடுத்தாப் போதுமே!" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பாத்து என்னது?"

"நிக்கல் சல்ஃபேட், நிக்கல் குளோரைடு, போரிக் ஆசிடுங்க. கொஞ்சம் சாக்கரின்."

பெரியப்பா முகம் மலர்ந்தது. சர்க்கரை வியாதிக்காரர். சாக்கரினை பாத்திலும் போடுகிறார், காப்பியிலும் போட்டுக்கொள்கிறார். "அதேதானுங் நம்ம பட்டறையிலயும்!"

"அதோட ஃபெரஸ் சல்ஃபேட்டும் போடுவோமுங்க."

வெற்றிலை நின்றுவிட்டது.

"இரும்பா? பாத்துலயா? தம்பீ... முப்பது வருசமா இரும்பு உள்ள வந்துரக் கூடாதுன்னு ராப்பகலா காவக் காக்கறனுங். ஒரு நட்டு உள்ள விழுந்தாப் பசங்களத் திட்டுவேன். பெராக்ஸைடு ஊத்தி, வடிகட்டி, படாத பாடு பட்டு வெளிய எடுக்கறேன். இல்லீன்னா பூச்சு சொரசொரன்னு வந்து வெடுக்குனு ஒடைஞ்சுக்கும். நீங்க அதக் காசு குடுத்து வாங்கி ஊத்தறீங்களா? கெட்டுப்போன பாத்துக்கு டாக்டர் பட்டமுங்களா?"

என் வாழ்க்கையில் ஒரு பிஹெச்.டி. தலைப்பை இத்தனை சரியாக, இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

*

விஷயம் அதேதான், ஸார். கெட்டுப் போவதுதான். ஆனால் எவ்வளவு கெட வேண்டும் என்று அளந்து கெடுப்பது.

1910-களில் அமெரிக்காவில் குஸ்தாவ் எல்மென் என்ற எஞ்சினியர் டெலிபோன் கம்பெனிக்காக நிக்கலையும் இரும்பையும் விதவிதமான விகிதத்தில் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதுக்கு இருபது என்கிற இடத்துக்குக் கிட்டே வந்தபோது கலவை திடீரென்று பரம சாதுவாகிவிட்டது. துளிக் காந்தப்புலம் காட்டினால் போதும், சொன்ன பக்கம் திரும்பும். புலத்தை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். முறைப்பு கிடையாது. பெர்மலாய் என்று பெயர் வைத்தார்கள். 1924-இல் நியூயார்க்கிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குப் போட்ட கடலடித் தந்திக் கம்பியில் இதைச் சுற்றியதும் தந்தி முன்னைவிடப் பல மடங்கு வேகமாகப் போனது.

அதென்ன எண்பது? நிக்கலைக் காந்தப்படுத்தினால் இம்மியளவு சுருங்கும். இரும்பு அதிகமாக உள்ள கலவை இம்மியளவு நீளும். நடுவில் எங்கேயோ நீளவும் வேண்டாம், சுருங்கவும் வேண்டாம் என்று ஒரு விகிதம் இருந்தாக வேண்டும் அல்லவா? அதுதான் 81-க்கு 19. டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் டாலி ஆகிற இடம். அதைத் தாண்டி நாலைந்து சதவிகிதம் போனாலே படலம் முறைக்க ஆரம்பிக்கும்.

இதைப் பாத்தில் கொண்டுவருவதில்தான் மச்சினனுக்குப் பாதி முடி போனது. ஏனென்றால் படலத்தில் இருபது சதவிகிதம் இரும்பு வேண்டும் என்று பாத்தில் இருபது சதவிகிதம் போட்டால் குடி கெட்டது. இரும்புக்குப் பந்தியில் முந்துகிற குணம். பாத்தில் நூற்றுக்கு நாலோ ஐந்தோ இருந்தால் போதும், படலத்தில் இருபதாகப் போய் உட்கார்ந்திருக்கும். நிக்கல் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதிலும் முதல் சில நானோமீட்டரில் இரும்பு இன்னும் அதிகம். பூச்சின் அடியில் ஒரு விகிதம், மேலே ஒரு விகிதம். மச்சினன் ஐந்து வருஷமாகப் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கனத்தை அளக்கிற முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்து நானோமீட்டரை ஸ்கேல் வைத்தா அளக்க முடியும்? மின்சாரத்தை எண்ணுகிறார்கள். ஒரு நிக்கல் அணு படிய இரண்டு எலெக்ட்ரான். நிக்கல் வரவு, எலெக்ட்ரான் பற்று. எத்தனை எலெக்ட்ரான் செலவானது என்று கணக்கு வைத்தால் எத்தனை அணு வந்தது என்று தெரிந்துவிடும். கூடவே ஹைட்ரஜன் குமிழியாகக் கொஞ்சம் வீணாகப் போகும். அதை வாராக்கடனில் எழுதிவிட வேண்டும். இதை 1830-களிலேயே வகுத்துக் கொடுத்த மைக்கேல் ஃபாரடே புத்தகம் பைண்ட் செய்கிற வேலையில் வாழ்க்கையை ஆரம்பித்தவர். என்னைக் கேட்டால் அவர் காமர்ஸ்காரர்.

அடுக்கு போடுவதும் அதே பாத்திலேயே முடியும். கொஞ்சம் செம்பு உப்பையும் கரைத்துவிட வேண்டியது. வோல்ட்டேஜைக் குறைத்து வைத்தால் செம்பு மட்டும் வரும். ஏற்றினால் நிக்கலும் இரும்பும் வரும், துளி செம்பும் தொற்றிக்கொண்டு வரும். ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி... நூறு அடுக்கு. ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். எழுபதாவது அடுக்கில் கரண்ட் போகும். மறுபடி ஒன்றிலிருந்து.

மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். 1979-இல் ஐ.பி.எம். கம்பெனி ஹார்ட் டிஸ்க்கின் தலையை, அதாவது தட்டில் எழுதுகிற, படிக்கிற அந்தச் சின்ன மூக்கை, முதல் தடவை மென்படலமாகச் செய்தபோது பெர்மலாயைப் பாத்தில் முக்கி, கரண்ட் விட்டுத்தான் பூசினார்கள். கணபதி டெக்னாலஜி!

*

பெரியப்பாவிடம் இவ்வளவும் சொன்னோம். அவர் சொன்ன பதில்: "சரிங் தம்பி, அடுக்கு எதுக்குங்? ஒரே கனமாப் போட்டுட்டுப் போலாமுல்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவர்களுக்கு 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட், ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க். 1988-இல் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. உலோகம் எது தெரியுமா? இரும்பும் குரோமியமும். நம் ஒரு ரூபாய்க் காசில் இருக்கிற அதே ஜோடி. காசில் உருக்கிக் கலந்திருக்கிறது. அவர்கள் கலக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இரும்பு மூன்று நானோமீட்டர், குரோமியம் 0.9 நானோமீட்டர். உங்கள் தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன் என்பதை நினைவில் வையுங்கள் (முடி இருக்கிறவர்கள்).

இப்படி அடுக்கினால் பக்கத்துப் பக்கத்து இரும்பு அடுக்குகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் காந்தமாகி நிற்கின்றன. வெளியிலிருந்து பெரிய காந்தத்தைக் காட்டினால் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. திரும்பியதும் அதன் வழியே போகிற மின்சாரத்துக்கு இருந்த தடை, ஃபெர்ட் குழு கடுங்குளிரில் அளந்தபோது, கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. அதுவரை இந்த மாதிரிச் சமாசாரங்களில் ஒன்றிரண்டு சதவிகித மாற்றம் கிடைத்தாலே பெரிசு.

ஏன்? கல்யாண மண்டபத்துக்குப் போவோம். எலெக்ட்ரான்களில் இரண்டு வகை: பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார். முதல் கேட்டில் நிற்கிற ஆள் பெண் வீட்டாரை மட்டும் சுலபமாக விடுகிறார். இரண்டாவது கேட்டில் இருப்பவர் மாப்பிள்ளை வீட்டாரை மட்டும். என்ன ஆகும்? எல்லாரும் ஏதோ ஒரு கேட்டில் மாட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு யாரும் போய்ச் சேர மாட்டார்கள். இரண்டு கேட்டிலும் பெண் வீட்டு ஆளே நின்றால், மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்க, பெண் வீட்டார் சர்ரென்று போய் உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் பேராவது சாப்பிட்டாயிற்று அல்லவா? அதுதான் தடை குறைவது.

ஒரே கனமாகப் போட்டால் கேட்டே ஒன்றுதான். ஒருவருக்கொருவர் முறைக்க முடியாது.

இதற்கப்புறம்தான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். கலிஃபோர்னியாவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டூவர்ட் பார்க்கின். ஐரோப்பியர்கள் வெகு நிதானமாக, வெகு சுத்தமாக, விலை உயர்ந்த யந்திரத்தில் அடுக்கியதை இவர் 'ஸ்பட்டரிங்' என்ற மலிவான, வேகமான முறையில் செய்தார். அயனிகளால் உலோகத்தை அடித்து, தெறிக்கிற அணுக்களைப் பிடித்துக்கொள்வது. வேகமாக முடிந்ததால் இரும்புக்குப் பதில் கோபால்ட், குரோமியத்துக்குப் பதில் ருத்தேனியம், செம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றி, கனத்தை மாற்றி, கலவையை மாற்றி... சுமார் 30,000 அடுக்குச் சேர்க்கைகளைச் செய்து பார்த்தார்கள். முப்பதாயிரம்! நாம் ஒரு வீட்டு லோனுக்கு மூன்று பேங்க் ஏறினால் களைத்துவிடுகிறோம்.

அதில் கிடைத்தது என்ன? கோபால்ட் அடுக்குகளுக்கு நடுவில் செம்பு 0.9 நானோமீட்டர் இருந்தால் இரண்டு பக்கமும் முறைத்துக்கொள்ளும். கொஞ்சம் கூட்டினால் ராசியாகிவிடும். இரண்டு நானோமீட்டர் பக்கம் போனால் மறுபடி முறைப்பு. மூன்றில் மறுபடி. நாலைந்து அணு வரிசையில் சண்டை, சமாதானம், சண்டை. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் மருமகள் இருக்கும் அறைகளுக்கு நடுவே எத்தனை அடி இருக்க வேண்டும் என்று இப்படி யாராவது அளந்து சொன்னால் அவருக்கும் நோபல் கொடுக்கலாம்.

இன்னொன்று, பெர்மலாய்க்கும் செம்புக்கும் நடுவில், சேரும் இடத்தில் மட்டும், கோபால்ட்டை ஒன்றிரண்டு அணு கனத்துக்குத் தூவினார்கள். கறிவேப்பிலை தூவுகிற மாதிரி. மின்தடை மாற்றம் எகிறியது. அடுக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, இரண்டு பேர் தொட்டுக்கொள்கிற அந்த விளிம்பில் யார் நிற்கிறார் என்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது.

1997 கடைசியில் இந்தத் தலையை வைத்து 16.8 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் வந்தது. கண்டுபிடித்து ஒன்பதே வருஷம். அப்போது ஆபீசில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி.யைப் பொத்திப் பொத்திக் கொண்டுபோன காலம். அப்புறம் ஹார்ட் டிஸ்க் கொள்ளளவு வீங்கிய வேகத்துக்கு நம் ஊர் ரியல் எஸ்டேட்கூட ஈடு கிடையாது.

கதை அதோடு நிற்கவில்லை. 2001-இல் தட்டின் பூச்சுக்கு நடுவில் மூன்றே அணு கனத்துக்கு ருத்தேனியம் வைத்து இன்னும் நெருக்கி எழுதினார்கள். அப்புறம் நடுவில் செம்புக்குப் பதில் மெக்னீசியம் ஆக்ஸைடு வைத்தார்கள். அதற்கு இரண்டு பக்கமும் கோபால்ட், இரும்பு, அதில் இருபது சதவிகிதம் போரான். இந்த போரான் ஓர் உத்தமமான கல்யாணத் தரகர். அது கலந்திருந்தால் கோபால்ட்டும் இரும்பும் ஒழுங்கில்லாமல், எந்த முரண்டும் பிடிக்காமல் வழவழவென்று படியும். பிறகு முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் போரான் நைசாகக் கழன்று பக்கத்து அடுக்குக்குப் போய்விடும். அந்த இடைவெளியில் இரண்டும் மெக்னீசியம் ஆக்ஸைடைப் பார்த்து அதே வரிசையில் அச்சாக அமர்ந்துகொள்ளும். ஜோடி சேர்த்துவிட்டு கமிஷன் கேட்காமல் போகிற தரகரை நான் பார்த்தது இந்த ஒரு கேஸில்தான்.

2024-இல் சீகேட் கம்பெனி முப்பது டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க் விட்டிருக்கிறது. அதன் தட்டில் இரும்பும் பிளாட்டினமும் ஏறக்குறைய சரி பாதி. கலைந்து கிடந்தால் சாது. அணு வரிசையாக இரும்பு, பிளாட்டினம், இரும்பு, பிளாட்டினம் என்று அடுக்கினால் லேசரால் சூடு காட்டினால்தான் திசை மாறுகிற அளவுக்கு முரடு. நம் லேப்டாப்பில் இப்போது சுற்றுகிற டிஸ்க் இல்லைதான். ஆனால் குரூப்பில் வருகிற குட்மார்னிங் ரோஜாப்பூவிலிருந்து மாமா பெண் கல்யாண வீடியோ வரைக்கும், உலகத்தில் எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

*

இதையெல்லாம் சூலூரில் சொன்னபோது பெண் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுக்க வந்தபோது மட்டும் மச்சினனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"இந்த டிஸ்க் ஃபேக்டரி எங்கீங்க இருக்குது?"

அக்கவுண்ட்ஸ் மூளை. நேராக பேலன்ஸ் ஷீட்டின் அடிக்கே போகிறது.

மச்சினன், "தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா..." என்று இழுத்தான்.

உண்மைதான். இந்த ஊர் காந்தத்தால் வளர்ந்த ஊர். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்ததிலிருந்து ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு எங்கும் ஸ்டாம்பிங், வைண்டிங் சத்தம்தான். அந்த ஸ்டாம்பிங்கும் என்ன? இரும்போடு இரண்டு மூன்று சதவிகிதம் சிலிக்கன் கலந்த அரை மில்லிமீட்டர் தகடு, நடுவில் வார்னிஷ், மறுபடி தகடு. கலவையும் அடுக்கும்தான். அரை மில்லிமீட்டரில் இந்த ஊரை யாரும் அசைக்க முடியாது. அரை நானோமீட்டர் என்றால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. படிக்க ஆள் இருக்கிறார்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தில் மென்படல ஆராய்ச்சி பல வருஷமாக நடக்கிறது. தடாகம் ரோடு அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து நிக்கல்-இரும்பு-டங்ஸ்டன் படலம் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் பூச்சுகளைப் பற்றி 2007-இல் வந்த ஒரு நீளமான ஆய்வுரையை மச்சினன் காட்டினான். எழுதியவர் பெயர் பிரமநாயகம். நிமிர்ந்து உட்கார்ந்து முகவரியைப் பார்த்தேன். சிங்கப்பூர்.

"அப்ப அங்க போயிருவீங்களா?" என்றது பெண்.

மச்சினன் பதில் சொல்வதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாஞ் சாமி. ஜாதகம் பாத்துட்டுச் சொல்லி அனுப்பறமுங்" என்று கும்பிட்டார். எங்கள் பக்கம் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் நின்றது. பெரியப்பா. முன்னால் பச்சைத் தண்ணீர் நிறைந்த ஐந்து லிட்டர் கேன்.

"ஜாதகமுங்களா?" என்றேன்.

"அது ஜோசியருகிட்ட இருக்குதுங். இது நம்ம பட்டறை பாத்து. ஒரு மாசமா பூச்சு ஒடையுது. இரும்பு எத்தன சதம் ஏறியிருக்குதுன்னு மாப்ளையப் பாத்துச் சொல்லச் சொல்லுங்" என்றார்.

மாப்ளை என்றார். நான் கவனித்துக்கொண்டேன். மனைவியும் சமையலறையிலிருந்து கவனித்துவிட்டாள். காப்பியில் சர்க்கரை போடலாமா, சாக்கரினா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கேன் இப்போது மச்சினன் லேபில் இருக்கிறது. ரிசல்ட் வியாழக்கிழமை.